வேலையைத் தேடும் முன் உங்கள் பணி மதிப்புகளை அறிந்துகொள்ளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது, "சம்பளம் எத்தனை வெள்ளி?" என்பதுதான். அது நியாயமான கேள்வியே. ஆனால் அது மட்டும் போதாது; ஒரு வேலையில் உங்களுக்கு எது முக்கியம் என்பதை, அதாவது உங்கள் பணி மதிப்புகளை, முதலில் அறிய வேண்டும்.

நேரம் போவதே தெரியாமல் நீங்கள் செய்த இரண்டு வேலைகளையும், மனம் கசந்த ஒன்றையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுங்கள். கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறியது பிடித்திருந்தால், மக்களோடு பழகியதாலா, பந்தியின் முழுப் பொறுப்பும் உங்கள் கையில் இருந்ததாலா என்று பிரித்துப் பாருங்கள். விடை மாறினால் பொருத்தமான தொழிலும் மாறும்.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் இயங்கும் ஓ-நெட் தகவல் தளம் பணி மதிப்புகளை 6 ஆக வகுக்கிறது: சாதனை, தற்சார்பு, அங்கீகாரம், உறவு, நிர்வாகத்தின் ஆதரவு, பணிச்சூழல். சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் பணிச்சூழலுக்குள் அடங்கும். இவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்றை விட்டே ஆகவேண்டுமென்றால் எதை விடுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மொத்தம் 15 ஒப்பீடுகள், அவசரப்பட வேண்டாம்; அதிக முறை விடாமல் வைத்துக்கொண்ட சீட்டே முதலிடம் பெறும்.

இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய்ப் பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) பெற்றோர் 'நிரந்தர வேலை' என்று வற்புறுத்தும்போது, அதில் அவர்கள் பட்ட பாடு பேசுகிறது. அதை மரியாதையோடு கேளுங்கள்; எனினும், முதலிடத்தில் வைத்த சீட்டு அவர்களுடையதா, உங்களுடையதா என்பதை நேர்மையாகச் சோதியுங்கள். பிறகு, நீங்கள் விரும்பும் வேலையில் இருக்கும் அண்ணன் அக்காமாரிடம் அவர்களுடைய ஒரு சாதாரண நாளை மணிவாரியாகச் சொல்லச் சொல்லி, முதல் இரண்டு சீட்டுகளோடு ஒத்துப் பாருங்கள்.