பத்து வரிகளுக்காகப் பத்து வகுப்புகள் வேண்டாம்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சேர்க்கை. நான்காவதைக் கொஞ்சம் குரல் தாழ்த்திக் கேட்பார்கள்: "நல்ல யுனிவர்சிட்டி கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளையை எதிலெல்லாம் சேர்க்க வேண்டும்?"

ஊரில் கணக்கு எளிது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 200க்குக் கட்-ஆஃப். இலங்கையில் இசட் புள்ளியும் மாவட்டமும். எண் வந்தால் தரவரிசை வரும், தரவரிசைப்படி இடம் கிடைக்கும். இங்கே ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி போன்ற இடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாதவர்கள். அதனால்தான் பிள்ளை வகுப்புக்கு வெளியே என்ன செய்தான் என்று பார்க்கிறார்கள். அதைத்தான் இங்கே 'ஆக்டிவிட்டி' என்கிறார்கள். மதிப்பெண் சரிந்த இடத்தை எந்த ஆக்டிவிட்டியும் நிரப்பாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த நாட்டின் நான்காண்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இந்தத் தலைவலி சில டஜன் பல்கலைக்கழகங்களைக் குறிவைப்பவர்களுக்கு மட்டும்தான்.

முதலில் படிவத்தைப் பாருங்கள். பல தனியார் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் அதிகபட்சம் 10 ஆக்டிவிட்டிகள் எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துகள். அதோடு எந்தெந்த வகுப்பில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கும். எம்ஐடிக்குத் தனிப் படிவம்; அங்கே நான்கே நான்குதான். யுசி எனப்படும் கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் விருதுகளையும் சேர்த்து 20 வரை இடம் தருகின்றன. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்ணை அவை பார்ப்பதே இல்லை.

இது தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே! வந்த ஆண்டே ஒன்பதாம் வகுப்பிலிருந்த மகளை வயலின், கராத்தே, கோடிங், டிபேட், நீச்சல் என்று ஐந்தில் சேர்த்தேன். டிசம்பருக்குள் அவள் காரிலேயே சாப்பிட்டு, காரிலேயே வீட்டுப்பாடம் எழுதி, காரிலேயே தூங்கப் பழகிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிவத்தைத் திறந்தபோது கராத்தேவைப் பற்றி எழுத அவளிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. கிடுகிடுவென்று எழுதி முடித்தது ஒன்றைத்தான்: பள்ளி நாடகக் குழுவுக்கு விளக்கு அமைத்தது. "மேடையிலேயே தெரியாத வேலைக்கு எதற்கு இத்தனை மணி நேரம்?" என்று நான் மூன்று ஆண்டுகள் சலித்துக்கொண்ட அதே வேலை.

அவள் முதலில் எழுதியது: "நாடகக் குழுவில் உறுப்பினராக இருந்து பல பணிகளில் ஆர்வத்துடன் உதவினேன்." அடித்துவிட்டு எழுதியது: "6 நாடகங்களுக்கு ஒளி அமைத்தேன், பழுதான விளக்குகளைச் சரிசெய்து எண்ணிட்டேன், புதியவர்கள் 4 பேரைப் பழக்கினேன்." இரண்டாவதை ஒருவர் காசு கொடுத்து வாங்க முடியாது. முதலாவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சேர்க்கை அலுவலகத்தில் நாள் முழுக்க விண்ணப்பம் படிப்பவருக்கு இந்த வேறுபாடு நொடியில் தெரியும். அவளுக்கு இரண்டு இடங்களில் இல்லை என்றார்கள், ஓரிடத்தில் எடுத்துக்கொண்டார்கள். காரணத்தை எவரும் சொல்வதில்லை. விளக்குதான் இடம் வாங்கித் தந்தது என்று நானும் சொல்லமாட்டேன்.

விசா விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. வகுப்புத் தோழர்கள் ஐஸ்கிரீம் கடையிலும் கோடை முகாமிலும் சம்பாதிப்பதைப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் அது வேலைதான். எச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதி, தகுதியுள்ள கணவன் அல்லது மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்கு இல்லை. நூலகம், உணவு வங்கி போன்ற இடங்களில் தொண்டு செய்யலாம். மற்றவர்களுக்குச் சம்பளம் தரும் வேலையைச் சும்மா செய்து கொடுத்துவிட்டுத் தொண்டு என்று பெயர் வைக்க முடியாது. கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்கள் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். பிள்ளையிடம் ஆசை காட்டும் முன் தகுதி விதிகளைப் படித்துவிடுங்கள். அரசின் ஃபாஃப்ஸா நிதியுதவியும் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரானாலும் பண வசதியைப் பார்க்காமல் இடம் தந்து, தேவைக்கேற்ப உதவியும் செய்கின்றன.

புதிதாக வந்தவர்கள் கோட்டைவிடும் ஒரு வரி உண்டு. காமன் ஆப் பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒரு வகை இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக, தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து சோறு போட்டுப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பெண், மருத்துவமனையில் பாட்டிக்கு மொழிபெயர்க்கும் பையன், இவர்கள் அதை மணிக்கணக்கோடு எழுத வேண்டும். "வீட்டு வேலையை எழுதினால் கேவலம்" என்று நம்மவர்கள் தடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஊரில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் செய்தவையும் கணக்கில் சேரும். கபடியோ பறையோ எதுவானாலும் மறைக்காதீர்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்படித்தான்.

தேதிகளில் தூங்கிவிடாதீர்கள். இலையுதிர்கால விளையாட்டுகளுக்கான தேர்வு பல பள்ளிகளில் ஆகஸ்டிலேயே, வகுப்பு தொடங்கும் முன்பே நடந்துவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிப் படிவம் இல்லாமல் களத்தில் இறங்க விடமாட்டார்கள். கூடைப்பந்தில் சிறுவயதிலிருந்து ஆடியவர்களோடு மோத வேண்டும். கிராஸ் கன்ட்ரி எனப்படும் தொலைதூர ஓட்டத்தில் பல பள்ளிகள் யாரையும் கழிப்பதில்லை. நண்பர் ஒருவர்கூட இல்லாத ஊரில் பிள்ளைக்கு முப்பது பேர் பழக்கமாக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கிளப்புகள் செப்டம்பரில் மேசை போட்டு ஆள் சேர்க்கும். பிள்ளை பதினான்கு தாள்களில் பெயர் எழுதிவிட்டு வந்தால் பதறாதீர்கள்; அக்டோபரில் எந்த இரண்டுக்கு உங்கள் தூண்டுதல் இல்லாமல் போகிறான் என்று மட்டும் பாருங்கள்.

பணம் கேட்பவர்களைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். புகழ்பெற்ற வளாகத்தில் நடக்கிறது என்பதற்காக ஆயிரக்கணக்கான டாலர் கட்டிச் சேரும் கோடை வகுப்பு, அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறக்காது. பெயர் பெற்ற சில திட்டங்களுக்கு, எடுத்துக்காட்டாக எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு, கல்விக் கட்டணமே இல்லை, தேர்வாவதுதான் கடினம். பெயரளவில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கித் தருகிறேன், ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் சேர்க்கிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். படகே ஓட்டாத பிள்ளைகளைப் படகோட்டி வீரர்கள் என்று காட்டிச் சேர்த்த மோசடி 2019இல் வெளியானபோது, பெற்றோர் பலர் சிறைக்குப் போனார்கள்.

செலவில்லாத வேலை ஒன்று இன்றே தொடங்கலாம். பிள்ளையின் கணினியில் ஒரு கோப்பு: மாதம் ஒருமுறை, என்ன செய்தோம், எத்தனை மணி நேரம், யாரோடு. மூன்று வரி போதும். ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் புதிய ஆண்டுக்குத் திறக்கும்போது, ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை எவருக்கும் நினைவிருக்காது. கோப்பை அவனே எழுதட்டும்.