ஒரே குக்கர் பருப்பு, நாலு பேருக்கு நாலு விதம்

எங்கள் வீட்டில் மாமியார் வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார், சின்னவன் காரம் என்றாலே தட்டைத் தள்ளிவிடுவான், கணவருக்குச் சர்க்கரை, பெரியவளுக்கு முட்டை இல்லாமல் சாப்பாடு இறங்காது. தனித்தனியாகச் சமைத்தால் ராத்திரி 9 மணிக்கும் அடுப்படியில்தான் நிற்க வேண்டும். அதனால் பொதுவானதை முதலில் முடித்து, பிரிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒரு டம்ளர் துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, 3 டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு குக்கரில் 4 விசில். மசித்ததில் இரண்டு கரண்டி எடுத்து உப்பும் நெய்யும் சேர்த்தால் சின்னவன் சாதத்துக்கு ஆயிற்று. மீதியில் வெந்த முருங்கைக்காய், புளிக்கரைசல், சாம்பார்பொடி, உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்துக் கொட்டி, உடனே மாமியாருக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடிவிடுங்கள். அப்புறம்தான் தனியாக வதக்கிய சின்ன வெங்காயம். இந்த வரிசை மாறவே கூடாது, கரண்டியும் வேறு வேறாக இருக்கட்டும், அவர் நம்பிச் சாப்பிட வேண்டும் இல்லையா?

பீன்ஸ் பொரியலில் மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டால் எல்லோருக்கும் ஒரே பொரியல் போதும். கணவர் தட்டில் பாதி அதுதான், சாதம் ஒரு கரண்டி. ஆம்லெட்டை மட்டும் தனிக் கல்லில், மாமியார் சாப்பிட்டு எழுந்த பிறகு சுடச்சுடப் போடுங்கள்.