மலை ரோட்டுல பெற்றோல் எங்க போகுது? நம்மாளுங்க விடுற தவறுகள்

கொழும்புல லீட்டருக்கு 18 ஓடுன கார் நுவரெலியா ஏறும்போது 11, 12 தான் காட்டுதுன்னு நேரா கராஜுக்குப் போறவங்க நிறைய பேர். பிளக் மாத்து, இன்ஜெக்டர் கழுவுன்னு காச கொட்ட முந்தி ஒரு கணக்க பாருங்க. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் உயரம், ஆயிரம் கிலோ கார அவ்வளவு உயரத்துக்கு ஏத்துறதுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 2 லீட்டர் பெற்றோல் எரியும், ரோட்டுல ஓடுற செலவு தனி. இதுல டிக்கி நெறைய சாமான், மேல கேரியர்ல ரெண்டு மூட்டைன்னா கேக்கவே வேணாம், 100 கிலோ கூடுனா அந்த ஏத்தத்துக்கே இன்னும் 200 மில்லி போகும். அதனால ஏறுற பக்கத்த மட்டும் வச்சு காருக்குப் பழுதுன்னு முடிவு பண்ணாதீங்க. ஒரே பெற்றோல் ஷெட்ல ஃபுல் டேங்க் அடிச்சுட்டு போய்ட்டு வந்து அதே ஷெட்ல மறுபடி ஃபுல் அடிச்சுப் பாருங்க, அதுதான் உண்மையான கணக்கு.

இனி பெரிய தவறுக்கு வாறேன், இத எத்தன தடவ சொன்னாலும் தகும். இறக்கத்துல நியூட்ரல்ல போட்டா பெற்றோல் மிச்சம்னு இன்னும் நெறைய பேரு நம்புறாங்க. கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்ப இருக்குற இன்ஜெக்ஷன் கார்கள்ல கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா, சில்லே என்ஜின சுத்த வைக்கும், கம்ப்யூட்டர் பெற்றோல முழுசா நிறுத்திடும், ஒரு சொட்டு கூட போகாது. நியூட்ரல்ல போட்டாத்தான் என்ஜின் அணையாம இருக்க பெற்றோல் எரிச்சுக்கிட்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறதா நெனச்சு செலவு பண்றீங்க, அதோட வண்டியோட பாரம் மொத்தமும் பிரேக் மேல விழுது. ரம்பொடை இறக்கத்துல ஓரமா நிப்பாட்டியிருக்குற வேன் பக்கத்துல போய் நில்லுங்க, முன் சில்லுல இருந்து கருகின வாடை அடிக்கும், சிலதுல புகையே வரும். அந்த சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சுதுன்னா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. விபத்துக்குப் பேர் போன நானுஓயா ரதல்ல ரோட்டப் பத்தி நம்ம ஊர்ல சொல்லத் தேவையில்ல. ஏறுன கியர்லயே இறங்குங்க, ஆட்டோமெட்டிக் கியர் கார்னா லீவர எல் (L) இல்லாட்டி எஸ் (S)ல, அக்குவா, ப்ரியஸ் மாதிரி ஹைப்ரிட்னா பி (B)ல போடுங்க.

ஏறும்போது இன்னொன்னு, மேல காத்து ஐதா இருக்குறதால நுவரெலியா மட்டத்துல என்ஜினோட பலம் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட கொறையும், டர்போ இருந்தா அவ்வளவு தெரியாது. அது புரியாம பெரிய கியர்ல வச்சே அழுத்தி மிதிக்கிறது, வளைவுக்கு வளைவு பாய்ஞ்சு போய் பிரேக் அடிக்கிறது, ரெண்டும் பெற்றோல தின்னும். கியர குறைச்சு ஒரே சீரா ஏறுங்க.

காலையில பனிக்கு பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சு சூடாக்குறதும் வேணாம். அரை நிமிஷம் போதும், அப்புறம் மெதுவா ஓட்டுனா தானா சூடாகும்.

ஒக்டேன் 92க்குப் பதிலா 95 பெற்றோல் அடிச்சா கூடுதல் தூரம் ஓடும்ங்கறதும் சரியில்ல. ஒக்டேன்ங்கறது நொக்கிங்க, அதாவது பெற்றோல் தாறுமாறா பத்தி என்ஜின் தட்டுறத, தாங்குற அளவுதான், சக்தி இல்ல. உயரத்துல நொக்கிங் இன்னும் கொறைவு, கார் புத்தகத்துல 92 போதும்னு இருந்தா 92 போதும்.

டயர் காத்த மட்டும் விடாம பாருங்க, அதுவும் காலையில ஓட்ட முந்தி. மலை ஏறி வந்த சூட்டோட பாத்தா கூடுதலா காட்டும், சரியா இருக்குன்னு நெனச்சு கொறைஞ்ச காத்தோடயே ஓடிக்கிட்டு இருப்பீங்க.