நெல்லு இலைக்கருகலுக்கு மருந்து கேக்க மாட்டேங்குதா? இந்தத் தப்பையெல்லாம் விடுங்க

இலை நுனி காய ஆரம்பிச்சதும் மருந்துக்கடைக்கு ஓடி "கருகலுக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு கேக்குறாங்க பாருங்க, அங்கயே ஆரம்பிக்குது. கருகல்னு சொல்றதுல பாக்டீரியாவும் இருக்கும், குலைநோய் மாதிரி பூஞ்சாணமும் இருக்கும், பாக்டீரியாவைக் கொல்ற ஸ்ட்ரெப்டோசைக்ளின் மருந்தைப் பூஞ்சாணத்துக்கு அடிச்சா காசு தான் தண்டம். கருகலும் பச்சையும் சேர்ற எடத்துல இலையை வெட்டி கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணில விடுங்க, கொஞ்ச நேரத்துல வெட்டுவாய்லேர்ந்து பால் மாதிரி இழையா இறங்குச்சுன்னா பாக்டீரியா தான்.

சரி பாக்டீரியா தான்னு ஆயிடுச்சு, அதுக்காக அதே ஸ்ட்ரெப்டோசைக்ளின் பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. அதுல 90 பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், 10 பங்கு டெட்ராசைக்ளின். ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவோட ரைபோசோம்ல ஒட்டிக்கிட்டு புரதம் செய்ய விடாம கெடுக்கும், ஆனா ஒரே ஒரு ஜீன்ல சின்னதா ஒரு மாற்றம் வந்தாலே மருந்தால ஒட்ட முடியாது. கோடிக்கணக்குல இருக்குற பாக்டீரியாவுல அப்படி ஒண்ணு ரெண்டு ஏற்கெனவே இருக்கும், நாம அடிக்க அடிக்க மத்ததெல்லாம் செத்து அதுக்கு எடம் காலியாகுது, அவ்ளோதான்.

"போன தடவை கேக்கல, இந்தத் தடவை டபுள் டோஸ்"னு போடுறது அதைவிட மோசம். அந்த ஜீன் மாறுன பாக்டீரியாவுக்கு டபுள் இல்ல, பத்து மடங்கு போட்டாலும் உறைக்காது. இன்னொரு வகையில எதிர்ப்பு ஜீன் பிளாஸ்மிட்ல (பாக்டீரியாவுக்குள்ள தனியா இருக்குற சின்ன டிஎன்ஏ வளையம்) ஏறி வேற பாக்டீரியாவுக்கே தாவிடும். கலிஃபோர்னியா பேரிக்காய் தோட்டத்துல 1970கள் ஆரம்பத்துலயே வேற ஒரு பாக்டீரியா நோய்க்கு அடிச்ச ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு வந்து வேலைக்கு ஆகாம போச்சு. ஸ்ட்ரெப்டோமைசின் மனுஷனுக்கு டிபிக்குக் குடுக்குற மருந்தும் கூட, அதனால தான் இந்தக் கலவையைப் பயிருக்குத் தடை பண்ண மத்திய அரசு 2021 டிசம்பர்ல வரைவு ஆணை போட்டுச்சு.

அப்புறம் யூரியா. பயிர் வெளுத்த மாதிரி இருக்குன்னு நோய் இருக்கும்போதே இன்னொரு மூட்டை போட்டா பாக்டீரியாவுக்கு விருந்து வெச்ச மாதிரி. நோய் இருக்குற வயல் தண்ணியைப் பக்கத்து வயலுக்குத் திருப்பாதீங்க. நடும்போது நாத்து நுனியைக் கிள்ளாதீங்க, அந்தக் காயம் வழியாவும் பாக்டீரியா உள்ள போகும்.

வருஷா வருஷம் வருதுன்னா ரகத்தை மாத்துங்க, பிபிடி 5204 இந்த நோய்க்கு லேசுல விழும். அதையே மேம்படுத்தி இம்ப்ரூவ்டு சம்பா மசூரின்னு ஒரு ரகம் இருக்கு, அதுல மூணு எதிர்ப்பு ஜீன் வெச்சிருக்காங்க, ஒண்ணே ஒண்ணுன்னா அதையும் இந்த பாக்டீரியா தாண்டிரும்.