வெள்ளம் பூந்த வீட்டை சரி பண்ணிக் கொடுக்கப் போறீங்களா? நாங்க பண்ணின தப்பை பண்ணிராதீங்க

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சே, அன்னைக்கு அதே தீவுல இருக்கிற தங்கச்சிமடத்துல எங்க சின்னம்மா வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. மூணு நாள் கழிச்சு நானும் அண்ணனும் மதுரைல இருந்து போய் இறங்கினோம். கையில கொஞ்சம் காசு இருந்துச்சு, நாலு நாள் லீவு இருந்துச்சு, கிளம்புறதுக்குள்ள வீட்டை பழையபடி ஆக்கிரணும்னு ஒரே வேகம். பாசத்துல வந்த வேகம்தான், ஆனா நாங்க பண்ணின அத்தனை தப்பும் அதுல இருந்துதான் வந்துச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

போன உடனே என்ன பண்ணினோம்னா, சின்னம்மா பக்கத்து வீட்டு திண்ணைல உக்காந்திருந்தாக, அவங்க பாத்தா வருத்தப்படுவாங்கன்னு நினைச்சு நாங்களே உள்ள போயி நனைஞ்சதை எல்லாம் அள்ளி தெருவுல போட்டோம். பாய், தலையணை, அரிசி மூட்டை, பீரோ கீழ்த்தட்டு துணி, சகதியோட கிடந்த ஒரு தகரப்பெட்டி எல்லாம் குப்பை டிராக்டர்ல ஏறிருச்சு. சாயங்காலம் சின்னம்மா வந்து "அந்த தகரப்பெட்டிய எங்கய்யா வச்சீக"ன்னு கேட்டாக. பட்டா நகல், பேங்க் பாஸ்புக், இறந்துபோன சித்தப்பாவோட மீனவர் அட்டை, அவரோட ரெண்டு போட்டோ, எல்லாம் அதுலதான் இருந்திருக்கு. பட்டா நகலை இ-சேவை மையத்துல திரும்ப எடுத்தாச்சு, பாஸ்புக்கும் புதுசா குடுத்துட்டாங்க, அந்த போட்டோ மட்டும் வரவே இல்ல. வீட்டுக்காரவங்க கண்ணுல காட்டாம ஒரு பொருளைக்கூட வெளிய போடாதீங்க. நமக்கு குப்பையா தெரியிறது அவங்களுக்கு என்னன்னு நமக்குத் தெரியாது. நனைஞ்ச காகிதம் கிடைச்சா அயர்ன் பண்ணாதீங்க, ஒட்டியிருந்தா பிச்சு இழுக்காதீங்க, நிழல்ல துணி விரிச்சு அதுமேல பரப்பி காய வைங்க.

இன்னொன்னு, கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும். தண்ணி நின்ன கோடு செவுத்துல தெரியும், அதை அழிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஸ்கேலோ ஆளோ நிக்க வச்சு எடுங்க, ஒவ்வொரு ரூமும், கெட்டுப்போன ஒவ்வொரு சாமானும். நாங்க பளிச்சுன்னு கழுவி வச்ச பிறகுதான் விஏஓ வெள்ளச் சேதத்தை கணக்கெடுக்க வந்தாரு, காட்ட ஒண்ணுமே இல்ல. எதிர்வீட்டுப் பையன் போன்ல எடுத்து வச்சிருந்த வீடியோதான் காப்பாத்துச்சு.

கரண்ட் விஷயத்துல அண்ணன் தண்ணி வடிஞ்சிருச்சேன்னு மெயினைப் போடப் போனான், நல்லவேளை பக்கத்து வீட்டு வயர்மேன் அவன் கைய புடிச்சு நிறுத்துனாரு. சுவிட்ச் போர்டுக்குள்ள, பைப்புக்குள்ள, மோட்டார் காயிலுக்குள்ள ஈரம் பல நாள் நிக்கும், வெளிய பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும். தண்ணி தொட்ட போர்டை எல்லாம் கழட்டி காய வச்சு, வயரிங்கை மெக்கர் (வயர்ல கசிவு இருக்கான்னு பாக்குற மீட்டர்) வச்சு செக் பண்ணின பிறகுதான் மெயின் போடணும், அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ் மிக்ஸி எதையும் சொருகிப் பாக்கக்கூடாது. மீட்டர் நனைஞ்சிருந்தா நீங்க தொடாதீங்க, 94987 94987ங்கிற மின்னகம் (கரண்ட் ஆபீஸ் புகார் மையம்) நம்பருக்கு சொல்லிருங்க. வேலை நடக்கும்போதே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணு மாட்டி, போர்டை எல்லாம் இடுப்புக்கு மேல ஏத்திருங்க.

கிணறு. இது தீவுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு உதவப் போறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். ராமேஸ்வரம் தீவுல நல்ல தண்ணிங்கிறது மணலுக்குள்ள, உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குற ஒரு அடுக்கு, அவ்வளவுதான். கலங்கலா இருக்குன்னு நாங்க மோட்டாரை வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சுல இறைச்சோம், நல்ல தண்ணி குறைய குறைய அடியில இருந்த உப்பு மேல ஏறிருச்சு, தை மாசம் வரைக்கும் வாயில வைக்க முடியல. கொஞ்சம் கொஞ்சமா இறைங்க, ஊற விடுங்க, திரும்ப இறைங்க. பிளீச்சிங் பவுடரை கணக்கு இல்லாம அள்ளிக் கொட்டாதீங்க, சாதாரணமா தெளிஞ்ச தண்ணிக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போட்டு ஒரு மணி நேரம் விடுவாங்க, வெள்ளம் கலந்த கிணத்துக்கு அது பத்தாது, சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு அளவு கேட்டு போடுங்க. அப்புறம் தரை கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒண்ணா சேத்துராதீங்க, குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்தின சின்ன ரூம்னா உயிருக்கே ஆபத்து.

இப்ப செவுத்துக்கு வரேன், எங்க காசு பூரா கரைஞ்சது இதுலதான். நாலாவது நாளே கொத்தனாரை கூப்பிட்டு, ஊதிப்போன பூச்சை தட்டிட்டு புது சிமெண்ட் பூச்சு, அதுமேல பட்டி, அதுமேல பெயிண்ட், மொத்தம் 38 ஆயிரம். சின்னம்மா "இப்ப வேண்டாம்யா, செவரு இன்னும் குளுந்து கிடக்கு, தை பொறக்கட்டும்"னு சொன்னாக. நாங்கதான் கேக்கல. பங்குனில போய் பாத்தா இடுப்பளவுக்கு பெயிண்ட் பொரிபொரியா எழும்பி, கை வச்சா பூச்சு மாவா உதிருது. நம்ம கடற்கரை மண்ணுல செங்கல்லு உறிஞ்சுறது வெறும் தண்ணி இல்ல, உப்போட சேத்துதான் உறிஞ்சும், தண்ணி வெளியேறும்போது உப்பு அங்கயே தங்கி படிகமாகி பூச்சை உள்ள இருந்து தள்ளும். அவசரமா இறுக்கமான சிமெண்ட் பூச்சும் பெயிண்ட்டும் போட்டு மூடினா ஈரம் வெளிய வர வழியில்லாம இன்னும் மேல ஏறும்.

அதனால ஊதின பூச்சை தண்ணி நின்ன கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் தட்டிருங்க, ஜன்னல் கதவைத் திறந்து காத்தோட்டமா விடுங்க. வெளிய பூக்குற வெள்ளை உப்பை தண்ணி விட்டு கழுவாதீங்க, அது கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும், காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு கூட்டி அள்ளி வெளிய போடுங்க, திரும்ப பூக்கும், திரும்ப கூட்டுங்க. காஞ்சுச்சான்னு பாக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை செவுத்துல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க, உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா செவரு இன்னும் ரெடி இல்ல. ஐப்பசி கார்த்திகைல பூந்த தண்ணிக்கு அதே பருவத்துல பூசவே கூடாது, மழை இன்னும் பாக்கி இருக்கும். கடலுக்குப் போற குடும்பம்னா இன்னொரு கணக்கும் இருக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்கு தடைக்காலம், வெயில் நல்லா இருக்கும், வீட்டு ஆம்பளைங்களும் கரையில இருப்பாங்க. ஆனா கையில காசு இருக்காது. நம்ம உதவி அப்பத்தான் தேவை, நாங்க நவம்பர்லயே எல்லாத்தையும் செலவழிச்சுட்டு நின்னோம்.

மணலும் தண்ணியும்கூட பாக்கணும். வாசல்ல சும்மா கிடக்குதேன்னு கடல் மணலை கலவைக்கோ தரை நிரப்பவோ எடுக்காதீங்க, கம்பி துருப்புடிக்கும், தரை எப்பவும் கசகசன்னு இருக்கும், கரையில மணல் அள்ளுறது சட்டப்படியும் தப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல இருக்கக் கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்லுது, நம்ம பக்கத்து போர் தண்ணி பல இடத்துல அதைத் தாண்டும். காவிரி தண்ணி லாரில வாங்கியாவது ஊத்துங்க, கலவைக்கு மட்டும் இல்ல, போட்ட பிறகு நனைக்கிறதுக்கும் அதேதான்.

பழைய வீடுகள்ல பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டின செவரு இன்னும் சில இருக்கு, தனுஷ்கோடி சர்ச்சு இடிபாட்டைப் பாத்தவங்களுக்கு அந்த கல்லு தெரியும். அதுல சிமெண்ட் ஒட்டு போடாதீங்க, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரைத் தேடிப் புடிங்க. கல்லு பத்தலன்னு கடல்ல போய் எடுக்கவும் கூடாது, பவளப்பாறை பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

ஓலை வீடா இருந்தா தகரம் வாங்கிக் கொடுத்து முடிச்சுராதீங்க, முதல்ல ஊராட்சில போய் கலைஞர் கனவு இல்லம்ங்கிற தமிழக அரசு வீட்டுத் திட்டத்தோட லிஸ்ட்டைப் பத்தி கேளுங்க, 2024ல வீட்டுக்கு 3.5 லட்சம்னு அறிவிச்சாங்க, வேலை நடக்க நடக்க தவணையா குடுத்தாங்க.

இந்த ஏப்ரல்ல திரும்ப ஆரம்பிச்சிருக்கோம். இந்த தடவை பிளான் முழுக்க சின்னம்மாவுது. தரையை ஒரு அடி ஏத்தலாம்னு அண்ணன் சொன்னான், "ரெண்டு அடி ஏத்து, ரோடு வருசா வருசம் ஒசருது"ன்னாக, கொத்தனாரும் அதுதான் சரின்னாரு. அடுப்படில தலைக்கு மேல சிலாப் ஒண்ணு போடச் சொல்லி, புதுசா வாங்கின தகரப்பெட்டிய கையோட கொண்டு வந்து அளவு காட்டினாக.