மனம் மூளைதானா: சண்டை வராமல் வாதம் நடத்தும் வழி

மனம் என்பது மூளையின் வேலை மட்டும்தானா? இந்தக் கேள்வியை மட்டக்களப்புக் கல்லடியில் நாலு பேர் கூடும் இடத்தில் போட்டால், கொஞ்ச நேரத்தில் கோயிலுக்குப் போகிறவன், போகாதவன் சண்டையாகிவிடும். உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பித்தவன் நான். என் வழி இது.

முதலில் கடவுளை வெளியே விடுங்கள். கடவுளை நம்பிக்கொண்டே மனம் மூளைதான் என்றும் சொல்லலாம். நாத்திகனாக இருந்துகொண்டே மூளை போதாது என்றும் சொல்லலாம். எல்லாம் சடப்பொருள்தான், மனமும் அதில் அடக்கம் என்னும் சடவாதம் மேல்நாட்டுச் சரக்கு என்பவருக்கு மணிமேகலையின் 27ஆம் காதையைக் காட்டுங்கள். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் மதுவில் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கும் என்கிறான் அங்கே வரும் பூதவாதி.

அடுத்து, கண்ணால் கண்ட ஒன்றைப் பேச்சுக்கு எடுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமிக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. தண்ணி வேணுமா என்று கேட்டால் "அது... அது..." என்பதற்கு மேல் வராது. விளக்கு வைக்கிற நேரம் மகள் தேவாரம் தொடங்கினால் மட்டும், சொல் பிசகாமல் கூடவே பாடுவார். பேச்சுக்கு மூளையின் இடது முன்பகுதி வேண்டும் என்று பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1860களில் பாரிஸில் காட்டினார். பாட்டுக்கு வேறு பகுதிகளும் கைகொடுக்கின்றன. இதைக் கேட்டதும் சடவாதி துள்ளுவான். அங்கேதான் பிடிக்க வேண்டும். மனம் வேலைசெய்ய மூளை வேண்டும் என்பதுதான் இதிலிருந்து வரும். மனமே மூளை என்பது வராது. பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு கேள்வி. ஆன்மா தனி என்பவரிடம், மனமும் உடம்பும் வேறு வேறு என்ற தத்துவஞானி டெக்கார்ட்டுக்குப் பொகீமிய இளவரசி எலிசபெத் 1643இல் எழுதிக் கேட்டதைக் கேளுங்கள்: சடமில்லாத ஒன்று உடம்பை எப்படி அசைக்கும்? சடமே போதும் என்பவரிடம் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றிக் கேளுங்கள். பௌர்ணமி இரவில் தோணியிலிருந்து துடுப்பை வாவிக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்களே, அந்த ஒலிதான். அதன் அதிர்வெண், காது நரம்பு, மூளையில் நடப்பது எல்லாவற்றையும் பிறவியிலேயே காது கேளாத ஒருவர் படித்து முடித்தாலும், அது கேட்க எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமா? நிறமே காணாமல் நிறத்தைப் பற்றி எல்லாம் படித்த ஒருத்தியை வைத்துத் தத்துவஞானி பிராங்க் ஜாக்சன் 1982இல் கேட்டதன் நம்மூர் வடிவம் இது. ஜாக்சனே பின்னாளில் சடவாதத்துக்கு மாறிவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு எலிசபெத்தின் கேள்விதான் கனமாகப் படுகிறது, அதனால் சடப் பக்கம் சாய்கிறேன்.

குவாண்டம் என்று யாராவது தொடங்கினால், இலத்திரனைப் பற்றி இரண்டு வசனம் சொல்லச் சொல்லுங்கள்; பெரும்பாலும் அடங்கிவிடுவார். கோயிலில் தெய்வமாடுவதை இழுத்தால், சரி, அதற்கு இன்னொரு நாள் வையுங்கள். அது ஒரு பிளேன்டீ நேரத்துக்குள் முடிகிற கதை இல்லை.