1640களின் ஆங்கிலேயத் துண்டுப்பிரசுரத்தைப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

முதலாம் சார்லஸ் மன்னருக்கும் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கும் 1642 ஆகஸ்டில் போர் மூண்டது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இரு தரப்பும் அச்சகங்களில் மோத ஆரம்பித்துவிட்டன. அந்தச் சண்டையில் வெளிவந்த பிரசுரங்களில் கணிசமானவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஆர்வத்தோடு ஒன்றைத் திறப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டல் விநோதமாக இருக்கிறது, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது, யாரோ யாரையோ திட்டுகிறார், ஏன் என்று புரிவதில்லை.

ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும், இதைத் தாண்டிவிடலாம். பழகுவதற்கு இரண்டு பிரசுரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வழக்கறிஞர் ஹென்றி பார்க்கர் 1642 ஜூலையில் பெயர் போடாமல் வெளியிட்டது. மன்னரின் அண்மைப் பதில்கள் மீதான 'அவதானங்கள்' என்பது தலைப்பின் சுருக்கம். இன்னொன்று, ரிச்சர்ட் ஓவர்டன் 1646 அக்டோபரில் நியூகேட் சிறையிலிருந்து எழுதிய 'எல்லாக் கொடுங்கோலர் மீதும் ஓர் அம்பு'.

படி 1: பிரதியைத் தேடிப் பிடியுங்கள்

லண்டன் செயின்ட் பால் தேவாலய முற்றத்தில் புத்தகக் கடை வைத்திருந்தவர் ஜார்ஜ் தாமசன். 1640 முதல் 1661 வரை, கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். மொத்தம் 22,000க்கும் மேல். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தச் சேகரிப்பில் நமக்குப் பெரும் உதவி அவருடைய கையெழுத்துதான். பல பிரசுரங்களின் முகப்பில் அது தன் கைக்கு வந்த நாளைப் பேனாவால் குறித்திருக்கிறார்.

'ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்' தொகுப்பில் பக்கப் படங்களைப் பார்க்கப் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். அதிலிருந்து தட்டச்சு செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான பிரதிகளை 2015 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். தொடக்கத்துக்குத் தட்டச்சுப் பிரதியே நல்லது. ஆனால் முகப்புப் பக்கத்தின் படத்தை மட்டும் எப்படியாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 2: முகப்புப் பக்கத்தில் பத்து நிமிடம் செலவழியுங்கள்

அந்தக் காலத்தில் முகப்புதான் விளம்பரம். தனியாக அச்சடித்துக் கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டுவார்கள். அதனால் தலைப்பு நீளமாக, உள்ளே இருக்கும் வாதத்தையே சொல்லிவிடும். ஓவர்டனின் 'அம்பு' பிரசுரத்தின் முழுத் தலைப்பைப் பாருங்கள்: அது 'நியூகேட் சிறையிலிருந்து, எதேச்சாதிகாரப் பிரபுக்கள் சபையின் தனியதிகாரக் குடலுக்குள்' எய்யப்படுகிறது. யார் மேல் கோபம் என்று இனி தேட வேண்டியதில்லை: நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை மேல்தான்.

அடுத்து, பக்கத்தின் அடியில் அச்சகக் குறிப்பு. யார் அச்சிட்டது, எந்தக் கடையில், எந்தப் பலகையின் கீழ் விற்கிறது என்று இருக்கும். ஓவர்டனின் குறிப்பு ஏறக்குறைய இப்படிப் போகிறது: சைக்ளோப்ஸ் மலைகளின் பின்புறத்தில், இறையியலாளர் பேரவையின் அச்சரான மார்ட்டின் 'பாதிரிப்பிறாண்டி' அச்சிட்டது, துன்புறுத்தும் நீதிமன்றத்துக்கு நேர் எதிரே, 'குடிமக்கள் சுதந்திரம்' என்ற பலகை தொங்கும் கடையில் கிடைக்கும். அப்படி ஒரு மலையும் இல்லை, கடையும் இல்லை. சிறையில் கிடக்கும்போதும் மனிதருக்குக் குசும்பு குறையவில்லை.

போலி முகவரி ஏன் தேவைப்பட்டது? அச்சகங்களை அடக்கி வைக்க மன்னர் தரப்புக்கு உதவிய 'நட்சத்திர மன்றம்' என்ற நீதிமன்றத்தை நாடாளுமன்றம் 1641இல் ஒழித்தது. பிரசுரங்கள் வெள்ளமாக வந்தன. இரண்டே ஆண்டில், 1643 ஜூனில், அதே நாடாளுமன்றம் முன் அனுமதி இல்லாமல் எதையும் அச்சிடக்கூடாது என்று ஆணை போட்டது. கவிஞர் ஜான் மில்டன் 1644 நவம்பரில் அதை எதிர்த்து எழுதிய புகழ்பெற்ற பிரசுரமும் அனுமதி வாங்காமல் வந்ததுதான். ஆக, அச்சகர் பெயர் நேர்மையாக இருந்தால் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். பெயரே இல்லை, அல்லது கேலிப் பெயர் இருக்கிறது என்றால், எழுதியவர் யாருக்குப் பயந்தார் என்று கேளுங்கள்.

பக்க எண்ணிக்கையும் கவனிக்க வேண்டியது. ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம். எட்டுப் பக்கப் பிரசுரம் அவசரமாக அடித்து மலிவாக விற்க உகந்தது. வாரச் செய்தித்தாள் ஒரு பென்னிக்குப் போனது. பார்க்கருடையது 47 பக்கம், அதாவது ஆறு தாள். நிதானமாக உட்கார்ந்து வாதாட வந்தவர் அவர்.

படி 3: ஆண்டைத் திருத்திக்கொள்ளுங்கள்

அன்றைய இங்கிலாந்தில் அதிகாரப்பூர்வப் புத்தாண்டு மார்ச் 25. எனவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதிக்கு அச்சில் உள்ள ஆண்டோடு ஒன்றைக் கூட்டுங்கள். சார்லஸ் தலை வெட்டப்பட்டது நம் கணக்கில் 1649 ஜனவரி 30. அன்றைய தாள்களில் 1648. இதைக் கவனிக்காமல் விட்டால் பதில் முந்தி வந்து கேள்வி பிந்தி வந்ததாகத் தோன்றும்.

படி 4: எழுத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்

'எஃப்' போலத் தெரியும் நீள எழுத்து பெரும்பாலும் 'எஸ்'. 'யு'வும் 'வி'யும் இடம் மாறும், 'ஐ'யும் 'ஜே'வும் அப்படியே. வாய்விட்டுப் படித்தால் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

படி 5: எதற்குப் பதில் என்று கண்டுபிடியுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. இந்தப் பிரசுரங்களில் பெரும்பாலானவை தனியாக எழுதப்பட்டவை அல்ல, முந்தைய வாரம் வந்த எதற்கோ மறுப்பு. ஒன்றை மட்டும் படிப்பது பட்டிமன்றத்தில் இரண்டாவது பேச்சாளரை மட்டும் கேட்பது போல. தலைப்பில் பதில், மறுமொழி, அவதானம் போன்ற சொற்கள் வந்தால் உடனே முதல் பேச்சாளரைத் தேடுங்கள்.

பார்க்கரை வைத்துச் செய்து பார்ப்போம். 1642 ஏப்ரலில் ஹல் நகரத்துக்கு மன்னர் நேரில் போகிறார். அங்கே பெரிய ஆயுதக் கிடங்கு இருக்கிறது. நாடாளுமன்றம் நியமித்த ஆளுநர் சர் ஜான் ஹோத்தம் கதவைத் திறக்க மறுக்கிறார். மன்னர் அச்சில் முறையிடுகிறார்: ஒரு குடியானவனுக்கு அவன் வீடும் நிலமும் எப்படிச் சொந்தமோ, அப்படியே எனக்கு என் ஊரும் கிடங்கும் சொந்தம். படிப்பவருக்கு நியாயமாகத்தான் படும். ஜூன் 1இல் நாடாளுமன்றம் பத்தொன்பது கோரிக்கைகளை அனுப்புகிறது: அமைச்சர்கள் நியமனம், படை, இளவரசர் இளவரசியரின் கல்வி எல்லாவற்றிலும் தனக்குச் சொல் வேண்டும் என்கிறது. ஜூன் 18இல் மன்னர் தரப்பின் பதில். இதற்கு ஒப்புக்கொண்டால் நான் மன்னரின் வெறும் படம்தான் என்று மறுக்கிறது. அதே பதில், மன்னர், பிரபுக்கள், பொதுமக்கள் சபை என மூன்றும் கலந்ததே இங்கிலாந்தின் ஆட்சி என்றும் சொல்லிவிடுகிறது. மன்னரைத் தலைக்கு மேல் வைக்காமல் மூவரில் ஒருவராக வைத்துவிட்டது. என் கணக்கில் அந்த ஆண்டின் மிகப் பெரிய சறுக்கல் இது.

பார்க்கர் அடுத்த சில நாட்களில் களத்தில் இறங்குகிறார். அதிகாரம் மூலத்தில் மக்களிடம் இருக்கிறது. மன்னருக்கு அது நம்பி ஒப்படைக்கப்பட்டது. ஆகவே ஹல் அவருடைய சொத்து இல்லை, பொறுப்பு. ஹல் கதை தெரியாமல் இந்த வரியைப் படித்தால் பொத்தாம் பொதுவான தத்துவம் போலத் தோன்றும். தெரிந்து படித்தால், அது ஒரு கிடங்கின் சாவியைப் பற்றிய பேச்சு.

படி 6: 'உரிமை' வரும் இடமெல்லாம் இரண்டு கேள்வி

யாருடைய உரிமை? யாரிடமிருந்து? ஒவ்வொரு முறையும் ஓரத்தில் எழுதுங்கள். 'நாடாளுமன்ற உரிமை' என்றால் மக்களின் உரிமை என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்குகிறோம். சபைக்குள் பேசியதை வெளியே சொல்லாமல் இருப்பதும் அந்த உரிமையில் அடக்கம். சர் எட்வர்ட் டெரிங் என்ற உறுப்பினர் 1642 தொடக்கத்தில் தன் சொந்தப் பேச்சுகளையே நூலாக வெளியிட்டார். சபை அவரை நீக்கி, லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பி, நூலை எரிக்கச் சொன்னது.

பார்க்கரில் இந்தக் கேள்விகளுக்கு விடை எளிது: உரிமை நாடாளுமன்றத்துக்கு, மன்னரிடமிருந்து. நாடாளுமன்றமே எல்லை மீறினால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடாளுமன்றம் என்பதே நாடுதான், நாடு தனக்குத் தானே எப்படிக் கெடுதல் செய்யும் என்பது அவர் நிலை.

இப்போது அம்பை எடுங்கள். 1646இல் மன்னர் தோற்றுவிட்டார். பிரபு அல்லாத துண்டுப்பிரசுர எழுத்தாளர் ஜான் லில்பர்னைப் பிரபுக்கள் சபை விசாரித்து கோபுரச் சிறையில் அடைத்தது. அவருக்காக எழுதிய ஓவர்டனையும் ஆகஸ்டில் பிடித்தார்கள். அவர் அந்தச் சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார், நியூகேட்டுக்குப் போனார். அம்பு பொதுமக்கள் சபை உறுப்பினர் ஹென்றி மார்ட்டனை நோக்கி எழுதப்பட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் இயற்கையிலேயே தன் மீதான உடைமை இருக்கிறது, அதில் வேறு யாரும் நுழையக்கூடாது என்று தொடங்குகிறது. நீங்கள் எங்கள் பிரதிநிதிகள், உங்கள் அதிகாரம் நாங்கள் நம்பி ஒப்படைத்தது, நாங்கள் தேர்ந்தெடுக்காத பிரபுக்களிடம் அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை என்று போகிறது.

ஓரத்தில் எழுதிய விடைகளை ஒப்பிடுங்கள். 'நம்பி ஒப்படைத்தது' என்ற அதே வாதம்தான் இரண்டிலும். பார்க்கர் மன்னரிடம் நாடாளுமன்றத்துக்காக அதை நீட்டினார். ஓவர்டன் நாடாளுமன்றத்திடமே நீட்டுகிறார்.

படி 7: எண்களை நம்பாதீர்கள்

1641 அக்டோபரில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்களின் கிளர்ச்சி வெடித்தது. புராட்டஸ்டன்டுகள் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் பிரசுரங்கள் சொன்ன எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டது; அயர்லாந்தில் அன்று வாழ்ந்த புராட்டஸ்டன்டுகளின் மொத்தத் தொகையையே அது தாண்டியது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். லண்டனில் அதைப் படித்தவர்கள் எதை நம்பி, கத்தோலிக்கர் பக்கம் சாய்ந்தவர் என்று மன்னரைச் சந்தேகித்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

படி 8: தனியாக ஒன்றைப் படித்துப் பாருங்கள்

1645 ஜூன் 14இல் நேஸ்பி போர்க்களத்தில் மன்னரின் கடிதப் பெட்டி நாடாளுமன்றப் படையிடம் சிக்கியது. அடுத்த மாதமே 'மன்னரின் பெட்டி திறந்தது' என்று அதை அச்சில் விட்டார்கள். அரசி ஹென்றியட்டா மரியாவுக்கு எழுதிய கடிதங்கள், கத்தோலிக்கர்களுக்குச் சலுகை தரும் பேச்சுகள் எல்லாம் அதில் உண்டு. முதலில் கடிதங்களை மட்டும் படித்து, எது சங்கடமானது என்று நீங்களே குறியுங்கள். பிறகு நாடாளுமன்றத் தரப்பு கடைசியில் சேர்த்த விளக்கக் குறிப்புகளைப் படியுங்கள். இரண்டு பட்டியலும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தில் படி 5ஐத் திரும்பச் செய்யுங்கள்.